எண்ணை அழிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். எங்கள் கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை (ரெக்வயர்மென்ட்) எண்ணிட்டு எக்செலில் வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் கீழே உள்ள எண்களெல்லாம் மாறிவிடுகின்றன. சோதனைக் குழுவினர் சண்டைக்கு வருகிறார்கள். இப்போது, தேவைகளைப் பதிந்து நிர்வகிக்கும் டோர்ஸ் (DOORS) என்ற மென்பொருளை வாங்கப்போகிறோம். ஒவ்வொரு தேவைக்கும் 25 பண்புகள் (அட்ரிபியூட்) வேண்டும் என்கிறார் மேலாளர். எத்தனை வைப்பது நல்லது? கைவிட்ட தேவைகளை அடியோடு அழித்துவிட்டு, 1 முதல் புதிதாக எண்ணிட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

செ., மன்னார்குடி

அன்புள்ள செ.,

பண்புகள் நான்கு போதும்: நிலை, காரணம், சரிபார்க்கும் முறை, பொறுப்பாளர். இருபத்தைந்தை நிரப்ப யாருக்கும் பொழுதிருக்காது. டோர்ஸ் நல்ல கருவிதான். 2008இல் அது ஐபிஎம் கைக்குப் போவதற்கு முன்பிருந்தே அதில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் ‘அடியோடு அழித்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் அப்பா வலங்கைமான் பக்கத்துக் கிராமமொன்றில், 1980இல் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரை கணக்கு எழுதியவர். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு வந்தால் 42ஆம் சர்வே எண் 42/1, 42/2 என்று உட்பிரிவாகுமே தவிர, 42 என்ற எண்ணை எடுத்து வேறொரு வயலுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். பதிவேட்டில் ஒரு பெயர் மாறினால் அப்பா சிவப்பு மையால் ஒற்றைக் கோடு இழுத்து, மேலே புதிய பெயரையும், ஓரத்தில் எந்த உத்தரவின்படி மாறியது என்பதையும் எழுதிச் சுருக்கொப்பமிடுவார். கோட்டுக்கு அடியில் பழைய பெயரைப் படிக்க முடிய வேண்டும். கோடு தடித்து எழுத்தை மறைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இதைப் பார்த்து வளர்ந்த நானே ஒருமுறை வாய்மூடி இருந்துவிட்டேன். பம்ப்செட் ஸ்டார்ட்டர் செய்யும் ஓரிடத்தில், மோட்டார் அளவுமீறிச் சூடானால் நின்றுவிட வேண்டும் என்ற 317ஆம் தேவையை வேறு ஆவணத்துக்கு மாற்றிவிட்டு, காலியான எண்ணை, மின்னழுத்தம் குறைந்தால் நின்றுவிட வேண்டும் என்ற புதிய தேவைக்குக் கொடுத்தார்கள். பழைய சோதனை அறிக்கையில் 317க்கு எதிரே ‘தேறியது’ என்று இருந்தது. குறைந்த மின்னழுத்தத்தை யாருமே சோதிக்கவில்லை. நாற்றங்கால் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிய ஒரு மாலையில் எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரின் மோட்டார் காயில் கருகியது. அவர் அதைக் கழற்றி என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். திட்டக்கூட இல்லை. வார்னிஷ் எரிந்த அந்த வாடை இரண்டு நாள் திண்ணையை விட்டுப் போகவில்லை.

டோர்ஸில் ஒரு தேவைக்கு இரண்டு எண்கள் உண்டு. 3.2.1 போன்ற பிரிவு எண், இடம் மாறினால் மாறும். மற்றொன்று பிறக்கும்போதே கிடைக்கும் நிலையான எண். தேவையை எங்கே நகர்த்தினாலும் அது கூடவே போகும், அந்த மாட்யூலுக்குள் (டோர்ஸில் ஓர் ஆவணத்துக்கு அதுதான் பெயர்) இன்னொன்றுக்குக் கிடைக்காது. சோதனைக் குழு இதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தேவையைச் சோதனையோடு தொடுத்து வைத்தால், ஒரு முனை மாறும்போது மறுமுனையில் ‘இதைச் சரிபார்’ என்று ஐயக்குறி எழும். ஒரு தேவையை நீக்கினாலும், ஒருவர் வேண்டுமென்றே துடைத்தெறியும் வரை அது உள்ளே இருக்கும். அந்தத் துடைத்தெறியும் கட்டளையைத்தான் நீங்கள் முதல் நாளே தேடப்போகிறீர்கள், செ. வேண்டாம். கைவிட்டதை நீக்கக்கூட வேண்டாம். நிலையில் ‘கைவிடப்பட்டது’ என்றும், காரணத்தில் ஏன், யார் சொல்லி என்றும் எழுதி அங்கேயே விடுங்கள்.

இன்னொன்று. எக்செலிலிருந்து உள்ளே ஏற்றும்போது டோர்ஸ் தன் எண்ணைத் தானே கொடுத்துவிடும். ஆகவே நான் சொன்ன நான்கோடு ‘பழைய எண்’ என்று ஐந்தாவதாக ஒரு பண்பைச் சேருங்கள். நம் ஊர்ப் பத்திரங்களில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார்களே, அதேபோல. உங்கள் பழைய எண்களே அடிக்கடி மாறியிருப்பதால், சோதனைக் குழுவில் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அவர்கள் அறிக்கையில் உள்ள எண் எந்த வாக்கியத்தைக் குறித்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திய பிறகே ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான். முதல் இருபதை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.