மூன்றாம் வகுப்புக்கு நீட் கோச்சிங் வேண்டாம், ஜூலை மாத நோட்டைத் திறந்து பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்கள் வந்தபோது ப்ளஸ் டூ பிள்ளைகள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். உங்களிடம் நின்று நிதானமாகப் பேச முடியவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவது படிக்கும் மகனை நீட் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீட் கேள்விகள் 11, 12-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. அவன் அங்கே போய்ச் சேரவே எட்டு வருஷம் ஆகும். அந்தக் கட்டணத்துக்காக வளையலை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

நீங்கள் விட்டுப்போன ஜூலை மாத நோட்டுகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. கணக்கு நோட்டில் ஓர் இடத்தில்தான் நின்றுவிட்டேன். 403-லிருந்து 168-ஐக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் 365 என்று எழுதியிருக்கிறான். எப்படி வந்தது தெரியுமா? 3-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 3-ஐக் கழித்து 5. பூஜ்யத்திலிருந்து 6 போகாது, அதனால் 6. நாலில் ஒன்று போக 3. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். இது கவனக்குறைவு இல்லை. 403-ல் உள்ள 4 என்பது நானூறு என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே பிழை அந்த மாதத்தில் ஏழு இடத்தில் இருக்கிறது. சிவப்பு மையில் தப்பு போட்டிருக்கிறார்கள், திருத்தமும் எழுதியிருக்கிறான், ஆனால் அடுத்த வாரமும் அதே பிழை.

வீட்டிலேயே சரிசெய்யலாம். நாலு நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் காசும் அவன் கையில் கொடுத்து, 168 ரூபாய் தரச் சொல்லுங்கள். சில்லறை இல்லாமல் திணறுவான். ஒரு நூறை அண்ணாச்சி கடையில் பத்து பத்தாக மாற்றி வரட்டும், அதில் ஒரு பத்தை ஒரு ரூபாய் காசாக மாற்றட்டும். அப்புறம் எண்ணிக் கொடுப்பான், கையில் 235 மிஞ்சும். இதை நாலு நாள் செய்தபின் நோட்டில் போடச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வரவில்லை என்று என்னிடம் அழும் பிள்ளைகளிடம் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், பல நேரம் இந்த இடமதிப்பில்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

வார்த்தைக் கணக்கு வந்தால் "கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்கிறான் என்றீர்கள். அது வாசிப்புக் குறை. நிபுன் பாரத் என்று 2021-ல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, புதிய பத்தி ஒன்றைப் பொருள் புரிந்து நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும், எளிய பெருக்கல் போட வேண்டும் என்பது அதன் அளவுகோல். நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இதற்குத்தான், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்கள் செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, அவன் பார்க்காத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம். வாசித்ததை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

தமிழ் நோட்டில் 'இஸ்துகினு' என்று ஒரு வாக்கியத்தில் எழுதி அடி வாங்கியிருக்கிறான். பாவம், வீட்டில் பேசுவதைத்தானே எழுதுவான். நம் பேச்சைத் தப்பு என்று அவனிடம் சொல்லாதீர்கள். பேசும்போது அப்படி, எழுதும்போது 'இழுத்துக்கொண்டு' என்று சொன்னால் போதும், ழகரமும் கூடவே வந்துவிடும்.

அறிவியலில் திண்மம், திரவம், வாயு என்று மூன்று வரையறையையும் மனப்பாடமாக எழுதியிருக்கிறான். எடுத்துக்காட்டு கேட்டதற்கு மட்டும் இடம் காலி. இவன் அப்பா குட்டி யானை வண்டியில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிறவர்! பெட்டியில் போட்ட ஐஸ் கட்டி, இறக்கும்போது வண்டியில் சொட்டும் தண்ணீர், இரண்டையும் அவன் பார்க்காத நாளே இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு துறைமுகத்துக்கு அனுப்புங்கள். ஏலத்தில் எத்தனை கூடை, ஒரு கூடை எத்தனை கிலோ என்று பெருக்கலும் அங்கேயே கிடைக்கும்.

சமூக அறிவியலில் சுற்றுப்புறம், திசை என்று போகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். நம் பகுதியில் கிழக்கைத் தேட வேண்டியதில்லை, கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. தண்டையார்பேட்டை சென்னை மாநகராட்சியின் 4-ஆவது மண்டலம், பக்கத்தில் ராயபுரம் 5-ஆவது என்று படத்தில் குறித்துக்கொடுங்கள்.

ஆங்கிலம் உங்களுக்குத் தெரியாது என்று வருத்தப்பட்டீர்கள். அதற்காக ஒதுங்க வேண்டாம். அவன் ஆங்கிலக் கதையை வாசித்துவிட்டு உங்களிடம் தமிழில் சொல்லட்டும். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி, தேதி வைத்துக் காத்திருக்க வேண்டிய விஷயங்கள் இரண்டுதான். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பது ஒன்று. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. நான்காம் வகுப்பு முடியும்போதே வீட்டில் பேசத் தொடங்குங்கள். அடுத்தது எட்டாம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். தேர்வு, ஒன்றிய அரசின் படிப்பு உதவித்தொகைக்கானது. அதை உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு வருஷத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் மனத்திறன் தாள் ஒன்று உண்டு, வார்த்தைக் கணக்கைப் புரிந்து போடுகிற பிள்ளைக்கு அது கைவரும்.

சரி, ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை நோட்டுகளோடு வாருங்கள். இந்த முறை பையனையும் கூட்டி வாருங்கள். 700-லிருந்து 256 போனால் எவ்வளவு என்று நானே அவனிடம் கேட்கிறேன்.