கோலி நாயை எப்போது மந்தைக்குள் விடலாம்?

கேள்வி: இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கிறோம். எங்கள் பார்டர் கோலிக்கு எட்டு மாதம். செம்மறி மேய்க்கப் பழக்க ஆசை. இப்போதே தொடங்கலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். ஓடும் ஆட்டை முந்திப்போய் மடக்கும் வேகமும் நிதானமும் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் வரும், அதுவரை கூப்பிட்டால் வருவதையும் சொன்னதும் படுப்பதையும் பழக்குங்கள், இந்த இரண்டும் இல்லாத நாய் மேய்க்காது, துரத்தும், பாவம் ஆடுகள். அப்புறம் சின்ன வேலிக்குள், நாய்க்குப் பழகிய நாலைந்து சாதுவான ஆடுகள் போதும். குட்டி போட்ட ஆடு வேண்டவே வேண்டாம். ஆடுகளுக்கு ஒருபுறம் நீங்கள் நகர்ந்தால் நாய் தானாகச் சுற்றிவந்து எதிர்ப்புறம் நிற்கப் பார்க்கும், அது அதன் ரத்தத்தில் இருப்பது. அந்த ஓட்டத்துக்குத்தான் சொல் பழக்குகிறோம்: கடிகாரச் சுற்றில் ஓடும்போது 'கம் பை', எதிர்ச்சுற்றில் 'அவே'. களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.