நன்றாக வரைபவர்கள் நுண்கலை படிப்பதா, விஸ்காம் படிப்பதா?

கடலூரில் பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், நன்றாக வரைவீர்கள், வீட்டிலோ “வரைவதுதானே, விஸ்காமில் சேர்ந்துவிடு, வேலையும் கிடைக்கும்” என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கையே.

இரண்டும் வேறு வேறு. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்), மூன்று வருடப் படிப்பு. புகைப்படம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பரம், கொஞ்சம் இதழியல். வரைதலும் உண்டு, ஆனால் பல பாடங்களுள் ஒன்றாகத்தான். யாருக்கு, எதை, எப்படிச் சொல்வது என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது அருமையான படிப்பு.

ஓவியமும் சிற்பமும் கற்கும் நுண்கலைப் பட்டம் நான்கு வருடம். நான் படித்தது அதுதான். முதல் வருடத்தில் ஒரு மண்பானையை முன்னால் வைத்து வரையச் சொல்வார்கள். பானையின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். தெரிந்ததை விட்டுவிட்டுப் பார்த்ததை வரையக் கை பழகுவதற்கே மாதக்கணக்காகும். களிமண்ணும் அப்படித்தான். பிசைந்து காற்றை வெளியேற்றி, செய்த உருவத்தை முழுதாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் நீராவியாகி உருவத்தையே உடைத்துவிடும். இந்தப் பொறுமை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பிடித்திருந்தால் நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால், நகருக்குள் நுழையும் முன்பே அரியாங்குப்பம் வந்துவிடும். புதுச்சேரி அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. ஓவியம், சிற்பத்தோடு இசையும் நடனமும் கற்பிக்கிறார்கள். பக்கத்திலேயே 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அகழ்ந்த பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு. வில்லியனூர்ப் பக்கம் போனால் சுடுமண் சிற்பம் செய்பவர்களின் கைவேலையை நேரிலேயே பார்க்கலாம். அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இசையில் நாட்டம் உள்ள தோழிகள் இருந்தால், இசை கற்பிக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நுண்கலை படித்தவர் பிறகு ஊடகத்துக்குப் போகலாம். இதழியல், தொடர்பியல் முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலும் எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் தனித்துறை இருக்கிறது. ஆனால் விஸ்காம் முடித்துவிட்டு ஓவியத்தில் முதுகலை சேர நினைத்தால் அவ்வளவு எளிதாக இடம் கிடைக்காது. பெரும்பாலும் நுண்கலை இளங்கலையே கேட்பார்கள். இரண்டு ஆசையும் இருப்பவர்கள் முதலில் நுண்கலை படிப்பதே நல்லது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வருமானம் மெதுவாகத்தான் வரும், மறைக்க வேண்டாம். ஓவிய ஆசிரியர் வேலை, அனிமேஷன், புத்தக வடிவமைப்பு, சினிமா கலை இயக்கம் என்று வழிகள் இருக்கின்றன. எதிலும் காலூன்றச் சில வருடங்கள் பிடிக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் கல்லூரிக்குப் போய், அனுமதி கேட்டு, மாணவர்கள் வேலை செய்யும் கூடத்தைப் பாருங்கள். வரைந்தவற்றை எடுத்துச் செல்லுங்கள். போட்டோ பார்த்து வரைந்த நடிகர் முகங்களைவிட, கடலூர் துறைமுகத்தில் வலை பின்னுகிறவரை நேரில் பார்த்து அவசரமாகக் கோடிழுத்த தாள்களே உங்கள் கண்ணைக் காட்டிக்கொடுக்கும். முடிந்தால் அப்பாவையும் உடன் அழைத்துப் போங்கள்.