பாரம்பரியத்துக்கு வயது என்ன?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு அணிகளின் பழைய பட்டப்பெயர்களை ‘யார் மனமாவது புண்படும்’ என்று வரிசையாக மாற்றுகிறார்களே, பாரம்பரியத்தைத் தூக்கி எறிவதுதான் முற்போக்கா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாரம்பரியம் என்கிறீர்கள். சரி, அதற்கு வயது என்ன என்று பார்த்துவிடுவோம்.

வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் அணிகளுக்கு ‘ஃபைட்டிங் சூ’ என்று பெயர் இருந்தது. சூ என்பவர்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். பெயர் வைத்தது 1930-ல். அதற்கு முன்னால் அந்த அணிக்கு ‘ஃப்ளிக்கர்டெயில்’ என்று பெயர். வளை தோண்டி வாழும் தரை அணில் அது. எதிரணிக்கு அணிலைக் கண்டு பயம் வருமா? மாநிலத்தின் இன்னொரு கல்லூரி அணியின் பெயரோ ‘பைசன்’, அதாவது காட்டெருமை. காட்டெருமையை ஒழித்துக்கட்டச் சூ மக்கள்தான் சரியான ஆள் என்று மாணவர் பத்திரிகை காரணம் சொன்னது. அணில் போனது, சூ வந்தது. அணிலுக்கும் ஒரு பாரம்பரியம் இருந்ததே, அது எதையும் தடுக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோரையும் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட சட்டம் 1924-ல்தான் வந்தது. குடியுரிமை கிடைத்து ஆறே வருடத்தில் அவர்கள் பெயர் பந்தாட்டத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் பணம் வந்தது. ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி முதலாளி. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவில் ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டிக் கொடுக்க முன்வந்தார். பெயரை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்ததும், 2000 டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெயரில் கை வைத்தால் கட்டுமானத்தை நிறுத்திவிடுவேன், உள்ளே கொடுத்திருக்கும் வெப்பத்தையும் அணைத்துவிடுவேன், பாதி எழுந்த கட்டடத்தை அந்த ஊர்ப் பனியே உடைத்துவிடும் என்றார். மாநில உயர்கல்வி வாரியம் ‘பெயர் நீடிக்கும்’ என்று உடனே தீர்மானம் போட்டது. 2001-ல் அரங்கம் திறந்தபோது தரையின் கிரானைட்டிலிருந்து இருக்கைகள் வரை ஆயிரக்கணக்கில் சூ முத்திரை. பெயரைப் பிய்த்து எடுக்க முடியாதபடி கல்லிலேயே பதித்துவிட்டார். இதே மனிதர் தன் விடுதியில் ஹிட்லர் பிறந்தநாள் கருப்பொருளில் விருந்து நடத்தியதற்காக 1989-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியவர்.

இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதித் திட்டும் வாங்கியிருக்கிறேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: கொடையாளி கட்டடம் கட்டிக் கொடுக்கட்டும், கல்லூரியின் மனசாட்சியை அவர் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் பாரம்பரியத்தின் பாதி, காசு கொடுத்தவரின் பிடிவாதம்.

2005-ல் கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ, பழங்குடிகளை இழிவுபடுத்துவதாகத் தான் கருதிய பெயர்களும் சின்னங்களும் கொண்ட கல்லூரிகள் சாம்பியன்ஷிப் போட்டிகளை நடத்த முடியாது என்று விதி போட்டது. வடக்கு டகோட்டா வழக்குக்குப் போனது. இரண்டு சூ பழங்குடி அரசுகளும் சம்மதித்தால் பெயர் இருக்கலாம் என்று சமரசம் ஆனது. 2009-ல் அந்த இரண்டில் ஒன்றான ஸ்பிரிட் லேக் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பெயர் இருக்கட்டும் என்றார்கள், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு பேர். இதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. ஆனால் மற்றொன்றான ஸ்டாண்டிங் ராக்கின் பழங்குடி சபை கடைசிவரை சம்மதிக்கவில்லை. 2012-ல் மாநில மக்களே வாக்களித்து, அதுவும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர், பெயரை விட்டுவிடலாம் என்றார்கள். இப்போது அது ‘ஃபைட்டிங் ஹாக்ஸ்’, பருந்து.

“பெருமைக்குத்தானே அவர்கள் பெயரை வைத்தார்கள்?” என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். வைத்தவர் பெருமைக்கு வைத்திருக்கலாம். எதிரணி ரசிகர் அந்த இனத்தின் பெயரைச் சொல்லித்தான் கெட்ட வார்த்தையில் கோஷம் போடுவார். 2014-ல், பெயர் போன பிறகும், அந்த ஊர் மாணவர்கள் சிலர் ஒரு பனியன் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். முத்திரையில் இருந்த அதே பழங்குடி முகம் புனலும் குழாயும் வைத்து பீர் குடிக்கிறது, மேலே ‘சூ’வைக் கலந்து எழுதிய குடிகாரக் கிண்டல். வகுப்பில் அந்த மாணவனுக்குப் பக்கத்து பெஞ்சில், சூ மக்களில் ஒரு பிரிவான லக்கோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவள் என்ன செய்வாள்? அவள் பாட்டியின் முகம் அது. இதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன்.

ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் இன்றும் ‘செமினோல்ஸ்’தான். ஃப்ளோரிடா செமினோல் பழங்குடி அரசு 2005-ல் முறையாகத் தீர்மானம் போட்டு ஆதரித்தது, என்சிஏஏவும் விலக்கு கொடுத்தது. பெயருக்கு உரியவர்கள் சொன்னதால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. பல கல்லூரிகளில் பெண்கள் அணிக்கு ஆண்கள் அணிப் பெயரின் முன்னால் ‘லேடி’ என்று ஒட்டிவிடுவார்கள். ‘லேடி ராம்ஸ்’ என்று ஓர் அணி. ராம் என்றால் கிடா, பெண் கிடாவுக்கு எங்கே போவது? இப்படி ஒட்டுப்போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் டென்னஸி பல்கலைக்கழகம் ‘லேடி வால்ஸ்’ (‘வாலண்டியர்ஸ்’ என்ற அணிப் பெயரின் சுருக்கம்தான் ‘வால்ஸ்’) என்ற பெயரை 2015-ல் கூடைப்பந்து தவிர மற்ற பெண்கள் அணிகளிலிருந்து எடுத்தபோது, எதிர்த்து எழுந்தவர்களில் அங்கே ஆடிய பெண்களே நிறைய பேர். கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டின் பயிற்சியில் எட்டு தேசியப் பட்டம் வென்ற பெயர் அது, ஆண்களிடம் கடன் வாங்கியது அல்ல என்றார்கள். 2017-ல் பல்கலைக்கழகம் அதைத் திருப்பிக் கொடுத்தது. என் ரசனைக்கு ஒத்துவராத முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு. அந்தச் சட்டையைப் போட்டு ஆடியது அவர்கள்.