சியர் யூனிஃபார்ம் சண்டையில் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நாங்கள் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். வந்து பதினோரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் கும்பகோணம். நானும் கணவரும் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். மூத்தவள் மகள், 13 வயது. அவளுக்குக் கீழே ஒரு பையன்.

மகள் எட்டு வயதிலிருந்து ஆல் ஸ்டார் சியர் ஆடுகிறாள். பள்ளிக்காக இல்லாமல், தனியார் பயிற்சி ஜிம்களின் அணிகள் போட்டிக்காகவே ஆடும் சியர்லீடிங் அது. ஊரில் இதைச் சொன்னால் எல்லோருக்கும் ஐபிஎல்லில் பவுண்டரி ஓரம் ஆடும் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இது அது இல்லை. இரண்டரை நிமிடத்துக்குள் பல்டி, தாவல், ஒருத்தியை மூன்று பேர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது, எல்லாம் முடிய வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மேலே தூக்கப்படுகிறவளை ஃபிளையர் என்பார்கள். என் மகள் ஃபிளையர். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி.

மே மாதத் தேர்வில் அவளை சீனியர் அணியில் எடுத்தார்கள். ஆள் சின்னதாக, எடை குறைவாக இருப்பதும் ஒரு காரணம். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். பிரச்சினை அளவு எடுக்கும் நாளில் ஆரம்பித்தது. இதுவரை அவள் போட்ட மேல்சட்டை வயிற்றை முழுக்க மூடியிருக்கும். சீனியர் சட்டையோ மார்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் முடிந்துவிட்டது. குட்டைப் பாவாடை வேறு. கோச்சிடம் கேட்டேன். "சீனியருக்கு விதி அனுமதிக்கிறது, எல்லா ஜிம்மிலும் இப்படித்தான்" என்றார்.

என்னைப் போலவே சில பெற்றோர் சங்கடப்பட்டார்கள். சர்ச்சுக்குத் தவறாமல் போகும் இரண்டு அமெரிக்கக் குடும்பங்கள், ஒரு பாகிஸ்தானியக் குடும்பம், நாங்கள். வயிறு மூடிய சட்டைதான் வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஜிம்மில் கூட்டம் கூட்டினார்கள். நான் எழுந்து, "என் பெண்ணுக்கு இப்போதுதான் உடம்பு வளர ஆரம்பித்திருக்கிறது. இந்த உடையில் அவளைப் பார்க்க எனக்கே கூசுகிறது. வீடியோவில் யார் யார் பார்ப்பார்களோ" என்றேன். உடனே இன்னொரு அம்மா, "அசிங்கம் பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் மேல் இல்லை" என்று கத்தினார். அப்புறம் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. பிள்ளைகள் அப்போது பக்கத்துப் பயிற்சி விரிப்பில் நீட்டல் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். எல்லாமே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இடுப்பைக் காட்டிக்கிட்டு ஆடுறதுக்கா இவ்வளவு பணம் கட்றீங்க?" என்றார். அதற்கு இவள், "பாட்டி, உங்க புடவையில கூடத்தான் இடுப்பு தெரியுது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள் என்று கணவருக்குக் கோபம். சியரையே நிறுத்திவிடலாம் என்கிறார்.

ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை. என்னை ரொம்பப் பயமுறுத்துவது இன்னொன்று. ஜூலை வெயிலில், வீட்டுக்குள்ளேயே தொளதொளவென்று தொங்கும் பெரிய ஹூடி (தலைமூடி வைத்த முழுக்கைச் சட்டை) ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். பயிற்சியிலும் அதைக் கழற்றுவதில்லை என்று ஒரு தோழியின் அம்மா சொன்னார். நான் கேட்டது தவறா? விதியை மாற்றப் போராடுவதா, விட்டுவிடுவதா, இல்லை இவளை நிறுத்துவதா?

பெயர் வேண்டாம்,
ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சட்டையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். என் மனம் போய் நின்றது அந்த ஹூடியில். வயிறு தெரியும் சட்டையை உங்கள் மகள் இன்னும் ஒரு நாள்கூடப் போட்டு ஆடவில்லை. அதற்குள் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இதைச் சரிசெய்யும் வழியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், நீங்கள் கேட்டது தவறில்லை. 13 வயதுப் பிள்ளையின் உடை அவள் வயதுக்குத் தக்கதா என்று ஒரு தாய் கேட்கத்தான் வேண்டும். கோச் சொன்னதும் பொய்யில்லை. ஆல் ஸ்டார் சியருக்கு விதி வகுக்கும் யு.எஸ். ஆல் ஸ்டார் ஃபெடரேஷன், சின்னப் பிரிவுகளில் வயிறு தெரியும் சட்டையை அனுமதிப்பதில்லை, சீனியரிலும் அதற்கு மேலும் அனுமதிக்கிறது. பாவாடை உள்ளே போடும் கால்சட்டையை மறைத்து, அதற்குக் கீழே குறைந்தது ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும் என்றெல்லாம் அளந்து எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விதி பார்ப்பது அணியின் பிரிவை, பிள்ளையின் வயதை அல்ல. ஃபிளையர் என்பதால் சின்ன உருவம் வேண்டும், அதனால் 13 வயதுப் பெண்ணை 17, 18 வயதுப் பெண்களின் அணியில் சேர்க்கிறார்கள். அவர்களுக்கென்று யோசித்த உடை இவளுக்கும் வந்துவிடுகிறது. நிர்வாகத்திடம் நீங்கள் நியாயமாக வைக்கக்கூடிய வாதம் இதுதான்.

"விளையாட்டுக்கு இது தேவை" என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தொளதொள உடை ஆபத்து, பிடிக்கிற கை துணியில் வழுக்கும், சிக்கும், அது சரி. ஆனால் உங்கள் மகளே போன வருடம்வரை வயிறு மூடிய சட்டையில்தான் பறந்தாள். உடம்போடு ஒட்டிய துணி அந்தப் பகுதியை மூடுவதால் விழுவதும் இல்லை, பிடி நழுவுவதும் இல்லை. ஆக, அந்த இடைவெளி தோற்றத்துக்காக வைத்தது. தோற்றமே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன், மேடையில் நடக்கும் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் அதைத் தோற்றம் என்றே பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

இந்தச் சண்டை உங்கள் ஜிம்மோடு பிறந்ததும் இல்லை. 1898ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சியர் தொடங்கியபோது கூவியவர்கள் ஆண் மாணவர்கள். பெண்கள் வந்தது 1920களில். பெண்கள் நிறைந்து, பல்டியும் தூக்கலும் சேரச் சேர, உடுப்பு பெரியவர்களின் விவாதப் பொருளாகிவிட்டது. 2005ல் உங்கள் டெக்சாஸ் சட்டமன்றத்திலேயே, ஹூஸ்டனைச் சேர்ந்த ஆல் எட்வர்ட்ஸ் என்ற உறுப்பினர், பள்ளி சியர் ஆட்டங்களில் ஆபாசமான அசைவுகள் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். கீழவை நிறைவேற்றியது, செனட்டில் அது நின்றுபோனது. சட்டமன்றத்திலேயே முடியாத வழக்கை ஒரு மாலைக் கூட்டத்தில் தீர்க்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 1998ல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளில் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். தனி அறையில், கண்ணாடி முன், போட்டுப் பார்த்த அதே உடையில் கணக்குத் தேர்வு எழுதச் சொன்னார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்கள் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களுக்கும் இதே சோதனை வைத்தார்கள், அவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அறையில் வேறு யாரும் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்கும் கண் அவர்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. மனதில் ஒரு பகுதி "நான் எப்படித் தெரிகிறேன்" என்பதிலேயே செலவாகிவிடுகிறது. தலைக்கு மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளையருக்கு அந்தக் கவனச் சிதறல் எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, நான் சொன்னது சரி" என்று தோன்றும். பாதி சரிதான். சின்ன உடை அந்தக் கண்ணை உள்ளே கொண்டுவரும். ஆனால் பேச்சும் கொண்டுவரும். "அவளைப் பார்க்க எனக்கே கூசுகிறது" என்று அம்மா அத்தனை பேர் நடுவில் சொல்வதைக் கேட்ட பெண்ணுக்கு எந்த உடையும் இனிப் போதாது. அதனால்தான் ஹூடி. நீங்கள் சொன்னது சட்டையைப் பற்றி. அவள் கேட்டது தன் உடம்பைப் பற்றி. மாறாக எழுந்த அந்த அம்மாவும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கத்தியிருப்பார். இரண்டு பக்கமும் பேசியது அங்கே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் உடலைப் பற்றி. அவர்களிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2021ல் நடந்த இரண்டு விஷயங்களை ஒப்பிடுங்கள். ஐரோப்பிய கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள் பிகினி கீழாடையை விட்டு அரைக்கால் சட்டை போட்டார்கள். 1500 யூரோ அபராதம் விதித்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்தபின் அதே ஆண்டில் சர்வதேச அமைப்பு விதியை மாற்றியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால்வரை மூடிய உடையில் இறங்கினார்கள். அதற்கு விதி ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தது, யாரும் அபராதம் கேட்கவில்லை. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் களத்தில் இறங்கும் பெண்கள்.

ஆகவே உங்கள் மனுவின் வாசகத்தை மாற்றலாம். எல்லோருக்கும் வயிறு மூட வேண்டும் என்று கேட்டால் இன்னொரு கூட்டம், இன்னொரு கத்தல். சட்டையின் நிறத்திலேயே, வயிற்றை மூடும்படி உள்ளே போடும் லைனர் என்ற ஒட்டிய உள்சட்டையை வேண்டுகிற பிள்ளை போட்டுக்கொள்ளலாம், ஏன் என்று கேள்வி கூடாது, அணியில் அவள் இடம் அதனால் மாறக் கூடாது என்று கேளுங்கள். அணி முழுக்க ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றால் எல்லோருக்குமே லைனர் வைக்கலாமா என்று பெண்களிடம் ரகசிய ஓட்டு எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

"யார் யார் பார்ப்பார்களோ" என்ற பயம் இருக்கிறதே, அது உண்மையான பயம். ஆனால் அதற்குத் துணி மட்டும் பதில் ஆகாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸில் நூற்றுக்கணக்கான பெண்களைச் சீரழித்த லாரி நாசர் அணியின் மருத்துவர், பார்வையாளர் வரிசையில் இருந்தவர் அல்ல. பிள்ளைகள் சொன்னபோது பெரியவர்கள் நம்பாததால்தான் அது அத்தனை வருடம் நடந்தது. கோச்சோடு பிள்ளை தனியாக இருக்கிறாளா, தனிப்பட்ட செய்தி அனுப்புகிறார்களா, பயண விடுதியில் அறை எப்படிப் பிரிக்கிறார்கள், வீடியோவை யார் எங்கே போடுகிறார்கள், இதையெல்லாம் கேளுங்கள். ஆடும் விரிப்பை விட்டு இறங்கியதும் ஜாக்கெட் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை வற்புறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "அம்மா, எனக்கு இது பிடிக்கவில்லை" என்று அவள் சொல்லக்கூடிய ஆள் நீங்களாக இருக்க வேண்டும். இப்போது அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது.

அதைத் திறக்கக் காரில் பேசுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்கு எளிது. "உன்னைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசினேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். தப்பு என்மேல்தான்" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" என்று ஒரு சொல் சேர்க்காதீர்கள். அன்றே பதில் வராது, வந்தாலும் காரமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் போகட்டும். அப்புறம் அந்தச் சட்டையைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். அவளுக்கே பிடிக்காமல் இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம். எந்தப் பதிலையும் காது கொடுத்துக் கேட்கத் தயாராகிவிட்டுக் கேளுங்கள்.

புடவை பற்றி அவள் சொன்னதை எதிர்ப்பேச்சு என்று தள்ளாதீர்கள், நல்ல கேள்வி அது. பாட்டியின் இடுப்பில் நாம் யாரும் குறை காணாதது பழக்கத்தால்தான். "எனக்கும் பதில் தெரியவில்லை, என் கண் பழகிய விதம் அது" என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் அவள் உங்களை மதிப்பாள். மாமியாரை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். பேத்தியை மூன்று பேர் தூக்கி எறிந்து பிடிப்பதை அவர் நேரில் பார்க்கட்டும். கணவரிடம், இப்போது நிறுத்தினால் பெரியவர்கள் போட்ட சண்டைக்குப் பிள்ளை ஐந்து வருட உழைப்பைக் கட்டணமாகக் கொடுத்ததாகிவிடும் என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஃபிளையர் பெண்களுக்கு எடை கூடக் கூடாது என்ற அழுத்தம் எப்போதும் உண்டு. அவள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா, தட்டை அறைக்குள் கொண்டுபோகிறாளா, அடிக்கடி எடை பார்க்கிறாளா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள், என் அடுத்த பதிலுக்காக நிற்காதீர்கள். ஹூடியோடு பயிற்சி செய்தால் உடல் சூடேறும் என்பதால் கோச்சிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள், தண்ணீர் இடைவேளை பார்த்துக்கொள்வார். அதைக் கழற்று என்று நீங்களாக வற்புறுத்த வேண்டாம்.

அந்த மனுவில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதை வைத்திருப்பதா, திரும்பப் பெறுவதா, மாற்றி எழுதுவதா என்பதை யூனிஃபார்ம் ஆர்டர் போவதற்கு முன் அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்