பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் நகராட்சி வீட்டு வரியை ஏற்றுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை மாதிரி சின்ன நகராட்சியில் வீட்டு வரியை எப்படி முடிவு செய்கிறார்கள்? பட்ஜெட்டில் பணம் போதவில்லை என்றால் வரியை ஏற்றிவிடுவார்களா?

அப்படி நினைத்தபடி ஏற்ற முடியாது. மொத்தச் செலவை வீடுகளுக்குப் பிரித்துப் போடும் முறை தமிழ்நாட்டில் கிடையாது. கட்டடம் எத்தனை சதுர அடி, தெரு எந்த மண்டலம், ஓடா கான்கிரீட்டா, எத்தனை வருஷப் பழசு, குடியிருப்பா கடையா என்று பார்த்து ஆண்டு மதிப்பு, அதாவது ஒரு வருஷ வாடகை மதிப்பு, போடுகிறார்கள். அதில் குறிப்பிட்ட சதவீதம்தான் வரி. அதை அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம். மண்டல மதிப்பை நகர்மன்றம் தீர்மானிக்கும், அதுவும் அரசு விதித்த வரம்புக்குள்.

2022-ல் வரி ஏறியதற்குக் காரணமும் உள்ளூர் பட்ஜெட் அல்ல. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, வசூலையும் வருஷா வருஷம் கூட்டினால்தான் நகராட்சிகளுக்கு மானியம் என்று, மத்திய அரசின் நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. சென்னை தவிர்த்த ஊர்களில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1200 வரை 50%, 1800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று உயர்வு வந்தது.

இங்கேதான் அளவு முக்கியம். பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,190 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் புது வரி 1,500. மாடிப்படி அறையை ஒருமுறை கூடுதலாகக் கூட்டி 1,210 என்று எழுதிவிட்டால் 1,750. இருபது சதுர அடிப் பிழைக்கு ஒவ்வொரு அரையாண்டும் 250 ரூபாய்! வரைபட அனுமதியும் ஆதாரமும் வைத்து, நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் ஆணையரிடம் சீராய்வு மனு கொடுங்கள். முன்பக்கத்தில் ஒரு கடை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால், வணிக மதிப்பு அந்தப் பகுதிக்கு மட்டும்தானா என்றும் பாருங்கள். வீடு முழுக்கக் கடையாக ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இனி பட்ஜெட். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்கு. குடிநீர்க் கணக்குப் பணத்தை ரோட்டுக்கு இஷ்டப்படி திருப்ப முடியாது. வரியோடு கட்டும் 10% நூலக வரியும் நகராட்சிக்குச் சொந்தமில்லை, நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. சொத்து வரி போக தொழில் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, குழித்துறையில் ஆண்டுதோறும் நடக்கும் வாவுபலி பொருட்காட்சி வரவு, மாநில அரசின் வரியிலிருந்து வரும் மாநில நிதிக்குழுப் பங்கு எல்லாம் சேர்ந்துதான் சம்பளமும் தெருவிளக்கு கரண்ட் பில்லும் ஓடுகிறது.

பட்ஜெட் உடைகிற இடம் நிலுவை. பல வருஷமாக வராத பாக்கியையும் இந்த ஆண்டு வந்துவிடும் என்று வரவில் எழுதிவிடுவார்கள். அது வராதபோது ஒப்பந்ததாரர் பில்லும் மின் கட்டணமும் தேங்கும். அதனால் பட்ஜெட் புத்தகம் கைக்கு வந்தால் ‘கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை’ பட்டியலைத்தான் முதலில் புரட்ட வேண்டும். வரவில் காட்டிய தொகையையும் போன வருஷம் நிஜமாக வசூலானதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்தப் பட்டியலைக் காட்டியே கேளுங்கள்.

உங்கள் வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை.