உங்களை உண்மையிலேயே அசைத்த சமூகச் சிந்தனை நூல் எது?

அம்பேத்கரின் ‘சாதியை ஒழிக்க வழி’. தடித்த புத்தகம் இல்லை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஆரம்பப் பக்கங்களிலேயே சக்வாரா வந்துவிடும். அன்றைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்துக் கிராமம். தீர்த்த யாத்திரை போய்த் திரும்பிய தீண்டத்தகாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைக்கிறார். பந்தி நடக்கும்போதே நூற்றுக்கணக்கான இந்துக்கள் தடியோடு பாய்ந்து, சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட்டவர்களை அடித்து விரட்டுகிறார்கள். குற்றம்? விருந்தில் நெய் ஊற்றியது. வாங்கக் காசு இருந்தாலும் அவர்கள் நெய் சாப்பிடக் கூடாதாம், அது திமிராம். அதே பக்கங்களில் இன்னொரு ஊர். அங்கே உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த பெண்களுக்கு அடி.

அந்தக் குடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அடிப்பகுதி நசுங்கிய அலுமினியச் செம்பு ஒன்று கிடக்கும். தேங்காய் பறிக்க வருபவருக்கு அதில்தான் தண்ணீர். ஏழு வயதில் தாகத்துக்கு அதை எடுத்துக் குடித்துவிட்டேன். “ஏலே, அதுலயா குடிச்ச?” என்று ஆச்சி பதறியதும், உடனே குளிக்க விரட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அதே ஆச்சி அந்த மனிதருக்கு வயிறு நிறையச் சோறு போடாமல் அனுப்ப மாட்டாள். கெட்ட மனுஷி இல்லை.

இந்த முடிச்சைத்தான் அம்பேத்கர் அவிழ்க்கிறார். சமபந்தி போதாது, கலப்புமணம்தான் மருந்து என்கிறார். சரி, அப்புறம் ஏன் யாரும் செய்வதில்லை? சாதி பார்ப்பவர்கள் மனிதத்தன்மை கெட்டவர்கள் என்பதால் அல்ல, அவர்கள் பக்தியுள்ளவர்கள் என்பதால். சாஸ்திரம் புனிதம் என்று நம்புகிறவரை எந்தச் சீர்திருத்தமும் ஒட்டாது. ஆச்சியைத் திட்டவும் முடியாமல், விட்டுக்கொடுக்கவும் முடியாமல் இருந்த எனக்கு அது சரியான இடத்தில் குத்தியது.

வேதம், சாஸ்திரம் பற்றிய இந்தப் பேச்சுதான் வம்பாகவும் ஆனது. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம், 1936இல் நடக்கவிருந்த தன் மாநாட்டுக்கு அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்ததும் அவர்களுக்குப் பயம், சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே ரத்தானது. அந்த உரையையே புத்தகமாக்கிச் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார், இரண்டே மாதத்தில் தீர்ந்தன. பெரியாரின் முயற்சியில் தமிழிலும் உடனே வந்துவிட்டது.

காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மறுப்பு எழுதினார். அதில் எனக்குப் பிடித்த வரி வாதமே அல்ல: எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ ஆக்கலாம் என்கிறார்! அம்பேத்கர் அந்த மறுப்பையும் தம் பதிலையும் இரண்டாம் பதிப்பில் சேர்த்தே போட்டார்.

எல்லாமே இன்றும் அப்படியே நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். இனக்கலப்பு பற்றிய பகுதி அந்தக் காலத்துச் சர்ச்சை, வேகமாகத் தாண்டலாம். புரோகிதர்கள் பரீட்சை எழுதி அரசிடம் சான்று வாங்க வேண்டும் என்ற யோசனையைப் படித்துச் சிரித்தேன், பிறகு அது அவ்வளவு சிரிப்பான யோசனையா என்று சந்தேகம் வந்தது.

வாங்கினால் மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்து உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உரையைவிட அதை முதலில் படிப்பது நல்லது.